மனமுயற்சியும் சாமுவேல் ஜோன்சன் சரித்திரமும்

உடம்பினால் உழைப்பவனுடைய இளைப்பை உலகம் காணும். ஏர் பிடித்தவன் நெற்றியிலுள்ள வியர்வையும் சுமை சுமந்தவன் தோளிலுள்ள தழும்பும் அவ்வுழைப்புக்குச் சாட்சி பகரும். மனத்தினால் உழைப்பவனுடைய இளைப்பையோ பிறர் காணார். அவன் ஒரு வரியும் எழுதாது வாளா இருக்கும்போது அவனைச் சோம்பன் என்பர். எழுதி முடித்துவிட்டானாயின், அவனுக்கு அஃது இயல்பாக வந்தது என்பர். இவ்விரு தீர்ப்பும் பிழைபடுதல் கூடும். அதனை, பத்திரிகை எழுதிப் பிழைத்த ஒரு பெரியாருடைய வாழ்வைக்கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

மனத்தின் இயல்பைப் பற்றிய ஆராய்ச்சி ஒருகாலத்தில் இங்கிலாந்திலே தத்துவ நூலாரிடத்தும் வைத்தியரிடத்தும் குருமாருடைய பிரசங்கங்களிலுமே பெரும்பாலும் இருந்தது. அதனைப் பொதுமக்கள் காப்பி அருந்திக்கொண்டே வாசிக்கத்தக்க பொருளாக்கினவர் பத்திரிகை எழுதுவோர். 1711 ஆம் வருஷம் மார்ச்சு மாதத்திலே ஸ்டீல், அடிசன் என்னும் இருவரும் தொடங்கிய 'ஸ்பெக்டேற்றர்' என்னும் பத்திரிகை இவ்வகையிலே பேர்பெற்றது. அதிலே 1712 ஆம் வருஷம் அடிசன் கற்பனையால் வரும் இன்பங்களைக் குறித்துத் தொடர்ச்சியாகப் பதினொரு கட்டுரைகள் வரைந்தார். அவர் மனத்தைக் கண்டது உலாவுதற்கினிய ஒரு பூஞ்சோலையாக. ஏறத்தாழ நாற்பது வருஷங்களின் பின் அதே தொழிலுக்கு வந்த ஜோன்சன், அந்தச் சோலையிலே பாம்பும் உண்டென்று கண்டவர். கண்டதை மறையாது எழுதியமையே அவர் பெருமை.

பிறப்பும் கல்வியும்

சாமுவேல் ஜோன்சன் 1709 ஆம் வருஷம் செப்டெம்பர் மாதம் 18 ஆந் திகதி, இங்கிலாந்தின் மத்திய பாகத்திலுள்ள லிச்ஃபீல்ட் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஜோன்சன் என்னும் புத்தக வியாபாரி. தாயார் பெயர் சாரா. குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் இவரைப் பற்றியது. முகத்திலே வடுக்கள் உண்டாயின. ஒரு கண் பெரும்பாலும் பார்வை குன்றிற்று. அரசருடைய கை பட்டால் அந்நோய் தீருமென்பது அக்காலத்தார் கொள்கை. ஆதலின் 1712 ஆம் வருஷம் தாயார் குழந்தையை லண்டனுக்குக் கொண்டுபோய் ஆன் அரசியாரது கையினாலே தீண்டுவித்தார். நோய் தீர்ந்திலது.

வளர்ந்த பின்னரும் இவருடைய அங்கங்கள் இவர் ஏவலின்றியே அசைவன. தலை ஆடும், வாய் முணுமுணுக்கும், ஒரு வாயிலைக் கடக்குமுன் அடிகளை எண்ணுவார்போலத் தயங்கி நின்று கடப்பர். அறியாதார் சிலர் இவரைப் புத்தி பேதலித்தவர் என்று எண்ணியதும் உண்டு. இக்கால வைத்தியர் பலர் இவற்றை 'டூறெற்' என்னும் நரம்பு நோயின் குறிகள் என்பர். இந்த உடம்பினுள்ளே இருந்த அறிவோ மிகக் கூரியது. தம்பி அப்பிள் பழங்களைக் கடையின் மேற்றட்டிலே பெரிய புத்தகமொன்றின் பின்னே ஒளித்திருப்பான் என்று எண்ணித் தேடப்போன சிறுவர், அங்கே பெற்றார்க் என்னும் இத்தாலியப் புலவருடைய நூலைக் கண்டு, பழத்தை மறந்து நூலிலே ஆழ்ந்துவிட்டார். இவருடைய கல்வியிற் பெரும்பாகம் இங்ஙனம் தந்தையார் கடையிலே கிடைத்ததே.

1728 ஆம் வருஷம் ஒக்ரோபர் மாதத்திலே ஒக்ஸ்போட் நகரத்துப் பெம்புறோக் கல்லூரியிற் சேர்ந்தார். வறுமை உடன்சென்றது. சப்பாத்துக் கிழிந்து விரல் வெளியே தோன்றுவதைக் கண்ட ஒருவர், இரக்கத்தால் ஒரு சோடி புதிய சப்பாத்தை இவர் அறைவாயிலிலே வைத்துவிட்டார். இவர் அதனை எடுத்து வீசி எறிந்தார். பதின்மூன்று மாதங்களின் பின், பொருளின்மையால், பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார்.

மனம் நோயுற்றமை

ஊர் திரும்பிய காலத்திலேதான் இவர் வாழ்க்கை முழுதும் விடாது பின்றொடர்ந்த துன்பம் தொடங்கிற்று. காரணமின்றிக் கவலையும், காரணமின்றி அச்சமும், எதனிலும் விருப்பமின்மையும் இவரை மூடின. நகரத்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றும் மணி இத்தனையென்று அறியமாட்டாத நாட்கள் இருந்தன. லிச்ஃபீல்டிலிருந்து பேமிங்காம் நகருக்குக் கால்நடையாய்ப் போய்த் திரும்பி வருதலால் உடம்பை வருத்தி மனத்தைத் தெளிவிக்க முயன்றார். தமக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்னும் அச்சமே எல்லாவற்றினும் பெரிதாயிருந்தது.

இந்நிலையிலே இவர் தம் நோயின் வரலாற்றை இலத்தீன் பாஷையில் விரிவாக எழுதி, தம்முடைய ஞானத் தந்தையாராகிய சுவின்ஃபென் என்னும் வைத்தியரிடங் கொடுத்தார். வைத்தியரோ அதன் சொல்லழகையும் நுட்பத்தையும் வியந்து, அப்பத்திரத்தைப் பலருக்குங் காட்டினார். நோயாளி உதவி கேட்டார். வைத்தியர் அவர் கல்வியை மெச்சினார். இஃது ஜோன்சனுடைய மனத்தை மிகவும் புண்படுத்திற்று. கல்வியாற் சிறந்தவன் மனம் நோகமாட்டாது என்றோ, நொந்தாலும் அந்நோவு அவன் மேன்மைக்கு அடையாளமென்றோ கருதுவது அக்கால வழக்கு. 1733 ஆம் வருஷத்திலே ஜோர்ஜ் செயின் என்னும் வைத்தியர் மனச்சோர்வை ஆங்கிலேயருக்கே உரிய நோயென்று பெயரிட்டு நூலெழுதினார். அது செல்வத்தோடும் நுண்ணறிவோடும் வருவது என்று பலர் பெருமையும் பாராட்டினர். ஜோன்சன் அந்நூலைப் பிறருக்கு வாசிக்கும்படி கூறியதுண்டு. எனினும், நோயைக் கூர்மதியின் சின்னமாகக் கொள்வதை அவர் ஒருபோதும் ஒப்பினாரல்லர்.

பத்திரிகைத் தொழில்

1731 ஆம் வருஷ முடிவிலே தந்தையார் இறந்தார். தந்தையார் சொத்திலே இவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ இருபது பவுண். ஒரு பாடசாலையிலே கீழுபாத்தியாயராயிருந்து வெறுத்து விலகி, பேமிங்காமிலே எட்மண்ட் ஹெக்டர் என்னும் பழைய பள்ளித்தோழரோடு தங்கினார். அங்கே வாறன் என்பவருடைய பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தமையே இவருடைய பத்திரிகைத் தொழிலின் தொடக்கம்.

அக்காலத்து நிகழ்ச்சியொன்று இவர் மனத்தின் இயல்பை நன்கு காட்டும். லோபோ என்னும் போர்த்துக்கேயக் குரு அபிசீனியா தேசத்திற் செய்த பிரயாணத்தைப் பற்றிய நூலை மொழிபெயர்க்க ஒப்புக்கொண்ட ஜோன்சன், சிறிது செய்துவிட்டுப் படுத்துவிட்டார். எழும்படி சொன்ன நண்பர் சொல் ஏறவில்லை. பின்பு ஹெக்டர், இவ்வேலை முடியாமையாலே அச்சுத் தொழிலாளிக்கு வேறு வேலை கிடையாதென்றும், அவன் குடும்பம் வருந்துகின்றதென்றும் அறிவித்தார். அதைக் கேட்டவுடனே ஜோன்சன் படுக்கையிலிருந்தவாறே நூலைக் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்துச் சொல்ல, நண்பர் எழுதினார். நூல் 1735 ஆம் வருஷம் வெளிவந்தது. கூலி ஐந்து கினி. ஒரு கினியாவது இருபத்தொரு சிலிங். தம் நன்மையின்பொருட்டு அசையாத மனம் பிறன் பசியின்பொருட்டு அசைந்தமையை வாசகர்கள் உற்று நோக்குக.

அவ்வருஷத்திலே, தம்மினும் இருபது வயது மூத்தவராகிய எலிசபெத் போட்டர் என்னும் கைம்பெண்ணை மணந்து, அவர் பொருளைக்கொண்டு எடியல் என்னும் ஊரிலே ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். மாணாக்கர் மிகச் சிலரே வந்தனர், பள்ளிக்கூடம் நிலைக்கவில்லை. அம்மாணாக்கருள் ஒருவரும் பின்னாளிலே பெரிய நாடக நடிகராய் விளங்கியவருமாகிய டேவிட் கறிக்கோடு 1737 ஆம் வருஷம் மார்ச்சு மாதம் லண்டன் சேர்ந்தார்.

லண்டனிலே கேவ் என்பவர் 1731 ஆம் வருஷந் தொடங்கிய 'ஜென்டில்மன்ஸ் மகசீன்' என்னும் மாதப் பத்திரிகையே இவருக்குச் சோறளித்தது. பாராளுமன்றத்து விவாதங்களைப் பிரசுரித்தல் அக்காலத்திலே விலக்கப்பட்டிருந்தது. ஆதலின் அப்பத்திரிகை அவற்றை லில்லிபுத்து என்னும் கற்பனை நாட்டுச் சபையில் நிகழ்ந்தனவாகப் பெயர்மாற்றி வெளியிட்டது. 1741 ஆம் வருஷமுதல் 1744 ஆம் வருஷம்வரை அவ்விவாதங்களை எழுதினவர் ஜோன்சன். சபையிலே பேசினவர் இன்னார், எடுத்த பொருள் இது என்னும் சிறு குறிப்பே பலவேளைகளில் இவருக்குக் கிடைக்கும். பேச்சு முழுதும் இவர் மனத்திற் பிறந்தது. அவற்றை உண்மைப் பேச்சுக்களென்று உலகம் நம்பத் தொடங்கியதை அறிந்தபின் அவ்வேலையை விட்டார். தாம் எழுதியவற்றுள் மனச்சாட்சியை உறுத்துவது அதுவே என்று மரணகாலத்திலும் வருந்தினார். மனத்தின் ஆற்றலும், அவ்வாற்றல் மெய்யினின்றும் வழுவக்கூடிய இடமும் ஒருங்கே இங்கே இவருக்குப் புலப்பட்டன.

அகராதியும் றாம்பிளரும்

1746 ஆம் வருஷம் புத்தக வியாபாரிகள் சிலர் இங்கிலிஷ் பாஷைக்கு ஓர் அகராதி செய்து தரும்படி இவரோடு உடன்படிக்கை செய்தனர். கூலி 1,500 கினி. உதவிக்கு ஆறு எழுத்தாளர். மூன்று வருஷத்தில் முடிப்பதாக எண்ணம். முடிய ஒன்பது வருஷம் சென்றது. 1755 ஆம் வருஷம் ஏப்பிரில் மாதம் இரண்டு பெருந் தொகுதிகளாக அது வெளிவந்தபோது, நாற்பத்தீராயிரத்துக்கு மேற்பட்ட சொற்களும், அவற்றுக்கு இலக்கியங்களிலிருந்து எடுத்த நூறாயிரத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் அதிலே இருந்தன. லண்டனிலே கஃப் சதுக்கத்தில் இவ்வேலை நடந்த வீடு காட்சிச்சாலையாகக் காக்கப்பட்டு வருகின்றது.

இப்பெருஞ் சுமையைச் சுமந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1750 ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 20 ஆந் திகதி, 'றாம்பிளர்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். திரிவோன் என்பது அப்பெயரின் பொருள். செவ்வாய்க்கிழமைதோறும் சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு கட்டுரை. விலை இரண்டு பென்ஸ். எழுதுவோருக்குக் கட்டுரையொன்றுக்கு இரண்டு கினி. 1752 ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 14 ஆந் திகதிவரை 208 இலக்கங்கள் வெளிவந்தன. அவற்றுள் மிகச் சிலவொழிய ஏனைய யாவும் இவர் ஒருவரே எழுதியவை. விற்பனையானவை ஒவ்வோர் இலக்கத்திலும் ஐந்நூறு பிரதிக்கும் குறைவே. பின்பு நூலாகத் திரட்டப்பட்டபொழுது, இவர் உயிரோடிருக்கையிலேயே லண்டனிற் பத்துப் பதிப்புக்கள் ஆயின.

இப்பத்திரிகையிலே மனத்தைப் பற்றி இவர் உரைத்தவை யாவை எனின், சிலவற்றை இங்கே சுருக்கிக் கூறுவாம்.

மனம் நிகழ்காலத்திலே தங்காது. ஒன்றில் நினைவால் பின்னே ஓடும், ஒன்றில் ஆசையாலும் அச்சத்தாலும் முன்னே ஓடும் என்பது இவர் பலகாலும் வற்புறுத்திய உண்மை. தனியே இருந்து இனிய எண்ணங்களைப் புனைந்து மகிழ்பவன், வெளியிலே ஒருவருங் காணாத ஒரு களியாட்டிலே மயங்கியவனாவான் என்னும் கருத்துப்பட ஒரு கட்டுரை எழுதினார். குடிகாரனைக் கண்டு பிறர் தடுப்பர். அகத்தே மயங்குபவனை யார் தடுப்பார்? ஆதலின் அவன் மனிதரோடு கூடிப் பேசுதலாகிய மருந்தைத் தானே தேடல் வேண்டும் என்றார்.

பெரிய வேலையைக் கண்டு மலைக்கும் மனத்துக்கு இவர் கூறிய உபாயம், அவ்வேலையைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறாகச் செய்தல். மலையைப் பெயர்த்து மாளிகை எடுத்தவன் கையிலிருந்தது ஒரு சிறு கருவிதான். அதனை அவன் இடைவிடாது வீசினான் என்பது இவர் துணிபு. அகராதிக்காரர் ஒருவர் இதனைக் கூறுங்கால் அது வெறும் உபதேசமன்று என்பதை வாசகர் அறிவர்.

ஒத்திப்போடுதலைப் பற்றிய கட்டுரை பிறந்த வகை இன்னும் நயமுடையது. எதனைப் பொருளாகக் கொள்ளலாம் என்று ஒன்றைவிட்டு ஒன்றை எண்ணிக்கொண்டே காலம் போக்கியிருந்தபோது, அச்சுக்கூடத்திலிருந்து கட்டுரை கேட்டு ஆள் வந்துவிட்டது. உடனே அத்தாமதத்தையே பொருளாகக் கொண்டு எழுதினார். பொருள் தெரிவதிற் கழித்த நேரமே எழுதுதற்குரிய நேரம் என்பதும், நாளையென்று தள்ளியது நாளைக்கு எளிதாகாது என்பதும் அதன் சாரம்.

நாட்குறித்து எழுதுவோருடைய இடர்களையும் இவர் மறைத்தாரல்லர். மனம் சிதறியிருந்தாலும், கவலை வருத்தினாலும், உடம்பு நோயால் வாடினாலும், குறித்த நாளிலே கட்டுரை போதல் வேண்டும். பத்திரிகை எழுதுவோரைக் கூலிக்காரரென்று இகழ்ந்த பண்டிதருக்கு மாறாக, அவர்களும் பொதுமக்களுக்கு வேண்டிய பொருளைச் செய்து கொடுக்கும் தொழிலாளரே என்று அவர்கள் சார்பாக ஒரு கட்டுரை வரைந்தார். எழுதுதற்கு நல்வேளை வருமென்று காத்திருத்தல் வேண்டாம். பிடிவாதமாக உட்கார்ந்தால் எவ்வேளையிலும் எழுதலாம் என்பது இவர் கொள்கை. இக்கொள்கை மனவெழுச்சி வந்தபோது எழுதும் பிரபுக்களிடத்துப் பிறவாது. சனிக்கிழமை கட்டுரை போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு வழியில்லாத ஒருவரிடத்தே பிறந்தது.

கடைசி இலக்கம் வெளிவந்த மூன்றாம் நாள் மனைவியார் இறந்தார். ஜோன்சனுடைய துயரம் நெடுங்காலம் ஆறவில்லை.

ஐட்லரும் ராசெலாசும்

அகராதி புகழைத் தந்தது. பணம் முன்னமே செலவாயிற்று. 1756 ஆம் வருஷம் ஆறு பவுணுக்குக் குறைந்த ஒரு கடனுக்காக இவர் பிடிக்கப்பட்டார். நாவலாசிரியர் றிச்சட்சன் பணம் அனுப்பி விடுவித்தார். 1758 ஆம் வருஷம் ஏப்பிரில் மாதந் தொடங்கி இரண்டு வருஷகாலம், ஒரு வாரப் பத்திரிகையிலே 'ஐட்லர்' என்னுந் தலைப்பின்கீழ்க் கட்டுரைகள் எழுதினார். சோம்பி என்பது இப்பெயரின் பொருள். பெயரே ஒரு வாக்குமூலம். அதிலே சோபர் என்னும் ஒருவனுடைய உருவத்தைத் தீட்டினார். அவன் நண்பரோடு பேசுவதால் தன்னை மறப்பான். பேச்சு முடிந்து தனிமை வருவதற்கு அஞ்சுவான். தச்சுவேலை, இரசாயன அடுப்பு என்று எதையேனும் தொட்டுக்கொண்டிருந்து உரிய வேலையை மறப்பான். நண்பர் யாவரும் அவ்வுருவம் ஜோன்சனே என்று கண்டுகொண்டனர். பிறர் குற்றத்தைக் கண்டிக்கும் பத்திரிகைகள் பல. தன் குற்றத்தைத் தானே வீதியில் நிறுத்தியது இது.

நினைவாற்றலைப் பற்றியும் அப்பத்திரிகையிலே எழுதினார். ஞாபகம் இல்லையென்று முறையிடுவோர் பலர். கவனம் இல்லையென்று முறையிடுவோர் சிலருமில்லை. நினைவுக் கலையின் மெய்யான இரகசியம் கவனித்து வாசித்தலேயன்றி வேறில்லை. கண் எழுத்திலும் மனம் வேறிடத்திலும் இருக்க வாசித்தது தங்காது என்பது இவர் தீர்ப்பு. மறக்கவேண்டியவற்றை மறத்தலும் ஒரு கலையென்று மற்றொரு கட்டுரையிற் கூறினார். பழைய அவமானங்களும் இழப்புக்களும் தாமே வந்து மனத்தை நிரப்புமாதலின், புதிய வேலையினாலே மனத்தை முன்னரே நிரப்புதல்தான் அவற்றைப் புகவிடாத வழி.

நாம் இளமையிற் கற்ற மிசன் கலாசாலையிலே ஜோன்சனுடைய வசனங்கள் வாக்கியங்களைப் பகுத்துக் காட்டுதற்குரிய அப்பியாசமாகவே கொடுக்கப்பட்டன. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடினோம். அவ்வாக்கியங்களை எழுதிய கை எத்தனை நாட் படுக்கையினின்றும் எழமாட்டாது கிடந்தது என்பதை எமக்கு ஒருவருஞ் சொல்லவில்லை. சொல்லியிருப்பின் அவ்வசனத்தின் பாரத்தை நாம் வேறு வகையாக உணர்ந்திருப்போம்.

1759 ஆம் வருஷம் சனவரி மாதம் தாயார் தொண்ணூறு வயதை அணுகியவராய் இறந்தார். பல்லாண்டுகளாக இவர் தாயாரைச் சென்று கண்டிலர். அந்த மனவேதனையோடு, அந்தியேட்டிச் செலவுக்கும் சிறு கடன்களுக்கும் பணம் வேண்டி, ஒரு வாரத்து மாலை வேளைகளிலே 'ராசெலாஸ்' என்னுங் கதையை எழுதினார். அபிசீனிய இளவரசன் ஒருவன் இன்பமான வாழ்வு எதுவென்று தேடித் திரிவதே கதை. அதிலே வரும் வானசாத்திரி ஒருவர் கல்வியும் கருணையும் உடையவர். நாற்பது வருஷம் நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். மழையும் வெயிலும் தம் ஏவலால் நிகழ்கின்றன என்று அவர் மெய்யாக நம்புகின்றார். தாம் இறந்தபின் அவற்றை ஆள யாருளர் என்று கவலைப்படுகின்றார். அதைக் கேட்டு நகைத்தவரைக் கதையிலுள்ள அறிஞர் கண்டிக்கின்றார். கற்பனை அறிவை ஒரு கணமேனும் வெல்லாத மனிதர் இலர். பைத்தியமும் தெளிவும் இரு வேறு சாதியல்ல, ஒரு வழியின் இரு எல்லைகள் என்பது அங்கே பெறப்படும். வானசாத்திரி மருந்தினாலே குணமடையவில்லை. நல்லோர் அவரைத் தனியே விடாது நாடோறும் கூடிப் பேசியமையாலே சிறிது சிறிதாகத் தெளிந்தார். பைத்தியக்காரரைப் பணங் கொடுத்துப் பார்த்து மகிழும் வழக்கம் லண்டன் பெத்லெம் ஆசுபத்திரியிலே இருந்த காலத்திலே இது எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது.

பிற்காலம்

1762 ஆம் வருஷம் அரசாங்கம் வருஷத்துக்கு 300 பவுண் உபகாரச் சம்பளம் வழங்கிற்று. சோற்றுக் கவலை நீங்கியது. நீங்கவே, நெருக்கி எழுப்புவாரும் இல்லையாயினர். செகப்பிரியருடைய நாடகங்களைப் பதிப்பிப்பதாக 1756 ஆம் வருஷம் கையொப்பப் பணம் வாங்கியிருந்தார். அந்நூல் 1765 ஆம் வருஷமே வெளிவந்தது. இடையிலே, பணம் போயிற்று, நூல் எங்கே என்று சேர்ச்சில் என்னும் புலவர் எள்ளிப் பாடினார். வருஷப் பிறப்பிலும், தாம் பிறந்த நாளிலும், ஈஸ்டர்த் திருநாளிலும், அதிகாலையில் எழுவேன், ஒழுங்காக வாசிப்பேன் என்று இறைவன் முன்னிலையிலே விரதம் எழுதுவார். அடுத்த முறை, சென்ற விரதம் தவறிற்று என்று எழுதி மீண்டும் விரதம் எழுதுவார். இவை இவர் இறந்தபின் 1785 ஆம் வருஷம் அச்சாயின. முப்பது வருஷத்துக்கு மேலாகத் தவறிய ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேலாகத் தொடங்கியும் இருக்கின்றார் என்பது அந்நூலை வாசிப்போர்க்குத் தெரியும்.

1766 ஆம் வருஷமளவிலே பழைய நோய் பெருகி, அறையை விட்டு வெளியே வாராது கிடந்தார். திறேல் என்னும் தம்பதிகள் இவரைத் தம்முடைய ஸ்றெத்தம் மாளிகைக்கு அழைத்துச் சென்று உபசரித்துத் தேற்றினர். மனம் கலங்கும்போதெல்லாம் இவர் எண்கணிதத்தைத் துணைக்கொள்வர் என்று அவ்வம்மையார் எழுதியிருக்கின்றார். ஒருமுறை, தேசத்தின் கடன் முழுதையும் வெள்ளியாக்கினால் பூமியைச் சுற்றிப் பட்டம் கட்டலாமா என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தாராம். பிறர்க்கு விளையாட்டாகத் தோன்றும் இது, கடலிலே வீழ்ந்தவன் பற்றிய பலகை. மனத்தை நடத்துதல் ஒரு கலை. பழக்கத்தால் அது கைகூடும். துயரமான எண்ணத்தோடு நேரே மல்லாடாது மனத்தை வேறொன்றிலே திருப்புக என்று இவர் தம் நண்பர் பொஸ்வெல்லுக்கு அறிவுறுத்தினார். சோம்பலும் தனிமையும் ஒருங்கே கூட இடங்கொடாதிருத்தல் அதன் முதற்பாடம்.

இவர் வீடோ எளியோருக்குப் புகலிடமாயிருந்தது. கண்பார்வையற்ற வில்லியம்ஸ் அம்மையாரும், ஏழைகளுக்கு வைத்தியஞ் செய்த லெவெற் என்பவரும் அங்கே வாழ்ந்தனர். ஜமேக்காத் தீவிலே அடிமையாய்ப் பிறந்த பிரான்சிஸ் பாபர் என்பவரைப் பள்ளிக்கு அனுப்பிப் படிப்பித்து, தமது பொருளிற் பெரும்பாகத்தை அவருக்கே எழுதிவைத்தார். இளமையிலே தந்தையார் உட்டொக்சிற்றர்ச் சந்தையிலுள்ள புத்தகக் கடைக்குத் துணையாக வரும்படி கேட்டபோது செருக்கினால் மறுத்ததை நினைந்து, ஏறத்தாழ ஐம்பது வருஷங்களின் பின் அச்சந்தைக்குப் போய், கொட்டும் மழையிலே தலைமூடாது நெடுநேரம் நின்றார். மறத்தற்கலையைக் கற்பித்தவருக்கும் மறக்கமுடியாதவை இருந்தன.

முதுமையிலும் மனத்தைச் சோதித்துக்கொண்டேயிருந்தார். மனவலி குன்றவில்லையென்பதை அறிதற்காக ஒல்லாந்த பாஷையைக் கற்கத் தொடங்கினார். 1783 ஆம் வருஷம் யூன் மாதம் 17 ஆந் திகதி இரவிலே பாரிசவாயு இவர் பேச்சைக் கொண்டுபோயிற்று. அப்பொழுது இவர் முதலிற் செய்தது, அறிவு போயிற்றோ என்று அறிதற்பொருட்டு இறைவனை வேண்டி ஓர் இலத்தீன் பாட்டை மனத்துள்ளே கட்டியதே. பாட்டு நன்றாக அமையவில்லை. நன்றாக அமையவில்லை என்பது தமக்குத் தெரிந்தமையால், அறிவு போகவில்லையென்று தெளிந்தார். பின்னர்ப் பேச்சும் திரும்பியது.

1784 ஆம் வருஷ முடிவிலே, இனிப் பிழைப்பேனா என்று வைத்தியரை வினவினார். பிழைப்பது அரிதென்று கேட்டபின், நோவைத் தணிக்கும் அபினையும் மறுத்தார். மயக்கமில்லாத மனத்தோடே இறைவனிடஞ் செல்ல விரும்பினார். வாழ்நாள் முழுதும் தம்மை வருத்திய அம்மனத்தைக் கடைசியில் விட்டுக்கொடுக்கத் துணிந்தாரல்லர். டிசெம்பர் மாதம் 13 ஆந் திகதி, எழுபத்தைந்தாம் வயதிலே இறந்தார்; வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார்.

நாம் அறியற்பாலன

இச்சரித்திரத்தால் நாம் அறியற்பாலன யாவை? ஜோன்சன் தம்மைச் சோம்பன் என்றே எண்ணி வருந்தினார். இக்காலத்து வைத்தியம் அச்சோர்விற் பெரும்பாகத்தை நோய் என்னும். நோய் என்று தெரியாத காலத்திலும், பத்திரிகை எழுதும் தொழில்வழியே அதற்குரிய மருந்திற் பலவற்றை அவர் தாமே கண்டுபிடித்தார். குறித்த நாள், சிறு கூறாகப் பகுத்த வேலை, கவனித்த வாசிப்பு, நல்லோர் கூட்டம், பிறர் பசிக்கு இரங்குதல் ஆகிய இவையே அம்மருந்துகள். இவற்றுள் யாதும் நோயை முற்றும் ஒழித்திலது. எனினும் அகராதியும் 208 இலக்கங்களும் நம்முன்னே இருக்கின்றன.

ஆதலின், உபாத்தியாயராகிய எம்போல்வார் ஒரு பிள்ளையை நோக்கி, இவன் சோம்பன், இவனுக்கு மனமில்லை என்று தீர்ப்பிடுமுன் சற்றே தாமதித்தல் கடன். அப்பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே மணி அறியமாட்டாது நிற்கின்றானோ, யாரறிவார்? அவனை எழுப்புதற்கு வைத சொல் உதவாதபோது, அவன் கையிலே ஒரு சிறு வேலையைக் கொடுத்து, அருகே இருந்து, அது முடிந்ததும் அடுத்ததைக் கொடுத்துப் பார்ப்போமாக. ஹெக்டர் படுக்கையருகே தாளும் எழுதுகோலுமாக இருந்திராவிட்டால், ஜோன்சனுடைய முதல் நூல் வெளிவந்திராது.